உள் தாழ்ப்பாள்

மெதுவா தம்பி, மெதுவா. பையைக் கீழ வைக்கிற சத்தம் உள்ள கேட்கக்கூடாது. பரீட்சை நடக்குது. அந்த ட்ரில் மெஷினை எடுக்கவே வேணாம், அது பைக்குள்ளயே இருக்கட்டும். கையால செய்யுற வேலை என்ன உண்டோ அதை மட்டும் பாருங்க. அளவு எடுங்க, பென்சில்ல கோடு போடுங்க, ஸ்க்ரூவையெல்லாம் எடுத்து வைங்க.  

சேவியர்தானே உங்க பேரு? மறக்கல பாருங்க. போன வருஷம் இதே கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டது நீங்கதான். என் மருமக வான்மதி உங்க பக்கத்துலயே டார்ச்சைப் பிடிச்சுகிட்டு நின்னா. "அண்ணா, வெளிய இருந்து தள்ளினா கழண்டு வராத மாதிரி போடுங்க"ன்னு உங்ககிட்ட சொல்லிகிட்டே இருந்தாளே, ஞாபகம் இருக்கா? அதே கதவுதான். இப்ப வெளிப்பக்கம் ஒண்ணு வேணும். நல்ல கனமா, பூட்டு மாட்டுற மாதிரி.

எதுக்குன்னுதானே பார்க்குறீங்க? சொல்றேன், சொல்றேன். முதல்ல காப்பியைக் குடிங்க. ஒரு மணிக்குத்தான் பரீட்சை முடியும். அதுவரைக்கும் நீங்களும் சத்தம் காட்டக்கூடாது, நானும் சத்தம் காட்டக்கூடாது. நான் எப்படிச் சும்மா உட்காருவேன், சொல்லுங்க? வாய் துருதுருங்குது.

எனக்கு ஒரே பையன். முகுந்தன். கனடாவுல இருக்கான். அந்தா மேல பாருங்க, அலமாரிக்கு மேல, சின்னதா வெள்ளையா. காமிரா. அவன் வச்சதுதான். ஹால்ல ஒண்ணு, சமையலறையில ஒண்ணு. அங்க உட்கார்ந்துகிட்டே இந்த வீட்டுல ஒரு ஈ பறந்தாலும் பார்த்துடுவான், பேசுறதுதான் அதுல கேட்காதாம். இந்நேரம் அவனுக்கு நடு ராத்திரி, ஆனா பரீட்சை அன்னிக்கு அவன் தூங்க மாட்டான். பார்த்துகிட்டுதான் இருப்பான். கும்பிடு போடுங்க, சந்தோஷப்படுவான். அட, வெட்கப்படுறீங்க.

வான்மதி அவனுக்கு ரெண்டாவது சம்சாரம். நாங்க ஒண்ணும் ஒளிச்சு மறைச்சுக் கட்டல, பொண்ணு பார்க்கப் போன அன்னிக்கே சொல்லிட்டோம். முதல்ல கட்டினவ அனுசுயா. அங்க போய் ஒரு வருஷம்கூட ஆகல, தவறிட்டா. பனி பெய்யுற ஊரு பாருங்க, படியில வழுக்கிட்டா. கழுத்துல அடி. அந்த நேரத்துல என் பையன் பட்ட பாடு இருக்கே, பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன்னுகூடப் பார்க்காம போலீஸ்காரங்க கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரிச்சாங்களாம். இப்ப நினைச்சாலும் எனக்கு வயிறு பத்தி எரியுது. கடைசியில ஒண்ணும் இல்லன்னு விட்டுட்டாங்க.

அதனாலதான் இந்தத் தடவை அமைதியான பொண்ணா பார்த்துக் கட்டினோம். புதுக்கோட்டைப் பக்கம். அப்பா அம்மா இல்ல. ஒரு அண்ணன், நகையைப் போட்டு அனுப்பினதோட சரி, எட்டிப் பார்க்குறது கிடையாது. எங்களுக்கும் அதுதான் சௌகரியம், சம்பந்தி வீட்டு வம்பு கிடையாது. நல்ல பொண்ணு தம்பி. வாயில்லாப் பூச்சி. குறை சொன்னா என் நாக்கு அழுகிடும்.

கல்யாணம் ஆன மறு வாரமே முகுந்தன் கிளம்பிட்டான். போகும்போதே சொல்லிட்டான். "அம்மா, இவ பி.ஏ. இங்கிலீஷ்னு பேருதான். அங்க வந்து நாலு பேரு முன்னால வாயைத் திறந்தா என் மானம் போயிடும். எம்.ஏ. முடிக்கட்டும், அப்புறம் கூட்டிக்குறேன்." காலேஜுக்கு அனுப்புறதுன்னா பஸ்ஸு, ஃப்ரெண்டு, ஹோட்டலுன்னு ஆயிரம் வினை. அவனே தேடிப் பிடிச்சு வீட்டுல இருந்தே படிக்கிற மாதிரி ஆன்லைன்ல சேர்த்து விட்டான். எந்தப் புருஷன் தம்பி இப்படிப் பொண்டாட்டியைப் படிக்க வைப்பான்? எங்க வீட்டுக்காரர் இருந்தாரே, நான் வாரப் பத்திரிகையை விரிச்சாலே விளக்கை அணைச்சுடுவாரு.

கிளாஸ் எல்லாம் இந்த ஹால்லதான். நான் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாதுதான், அதுக்காக? கீரை ஆய்ஞ்சுகிட்டே கேட்பேன். ஆம்பளைப் பசங்க முகம் தெரிஞ்சா எட்டிப் பார்ப்பேன். அதுங்க "வணக்கம் ஆன்ட்டி"ன்னு சிரிக்கும். ஒருநாள் அந்த டீச்சரம்மா, "வான்மதி தனியா உட்கார்ந்து கவனிச்சா நல்லாயிருக்கும்"னு சொன்னா. "ஏம்மா, நான் என்ன உங்க பாடத்தைத் திருடிகிட்டா போகப் போறேன்?"னு முகத்துக்கு நேரா கேட்டுட்டேன். அதோட அடங்கிட்டா.

பரீட்சைதான் வேற மாதிரி. லேப்டாப்புல இருக்கிற காமிரா இவளையே பார்த்துகிட்டு இருக்கும். அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்து கவனிச்சுகிட்டே இருப்பாங்க. ரூமுக்குள்ள வேற யாரும் இருக்கக்கூடாது, கதவு திறக்கக்கூடாது, இன்னொரு முகம் தெரியக்கூடாது. தெரிஞ்சா காப்பி அடிக்கிறான்னு பரீட்சையை விட்டே தூக்கிடுவாங்க. முகுந்தனே அந்த ரூல்ஸ் பூராவும் படிச்சுட்டு, "அம்மா, பரீட்சை நேரத்துல நீ உள்ள போகவும் கூடாது, கதவைத் தட்டவும் கூடாது, என் தலை மேல சத்தியம் பண்ணு"ன்னு கேட்டான். பண்ணிக் குடுத்தேன். அப்பதான் உங்களைக் கூப்பிட்டு அந்த உள் தாழ்ப்பாளைப் போட்டது.

இந்த வீட்டுல வேற எந்த ரூமுக்கும் உள் தாழ்ப்பாள் கிடையாது, கவனிச்சீங்களா? அனுசுயா இங்க இருக்கும்போதே முகுந்தன் எல்லாத்தையும் கழட்டிட்டான். குடும்பத்துக்குள்ள என்ன ஒளிவு மறைவுன்னு கேட்பான். நியாயம்தானே? பாத்ரூமுக்கு மட்டும் ஒண்ணு இருக்கு, அதுவும் லூசு. கொஞ்சம் நேரமானா நானே குரல் குடுத்துடுவேன்.

பரீட்சை தொடங்குறதுக்கு முன்னால லேப்டாப்பைக் கையில தூக்கி ரூம் முழுக்கக் காட்டணும் தம்பி. கட்டிலுக்கு அடியில, பீரோவுக்குப் பின்னால, திரைச்சீலையை விலக்கி. யாரும் இல்லன்னு காட்டணுமாம். முதல் தடவை நான் பின்பக்கம் ஜன்னல் வழியா பார்த்தேன். அப்படிச் சிரிச்ச முகமா சுத்திச் சுத்திக் காட்டுறா. கல்யாணத்தன்னிக்குக்கூட அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல. படிப்புல அவ்வளவு ஆசைன்னு நினைச்சு எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. அப்புறம் ஜன்னலையும் சாத்தணும்னு சொல்லிட்டாங்க, பார்க்க முடியல.

முதல் வருஷம் எல்லாத்துலயும் அவதான் முதல். டீச்சரம்மா கிளாஸ்லயே புகழ்வா. நான் தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்தேன், கண்ணு பட்டுருச்சுன்னு இப்ப தோணுது. அதுக்கப்புறம்தான் இந்தக் கூத்து ஆரம்பிச்சுது.

எப்பன்னு நல்லா ஞாபகம் இருக்கு. அரிசி களைஞ்சுகிட்டு இருந்தா. நான் பக்கத்துல உட்கார்ந்து, இன்னும் ஒரு வருஷம்தான், அப்புறம் நீ கனடாக்காரின்னு கேலி பண்ணிகிட்டிருந்தேன். போன பிறகு பார்த்து நடம்மா, அனுசுயா மாதிரி பனியில வழுக்கிடாதன்னும் சொன்னேன். திடீர்னு கேட்டா, "அத்தை, அவங்க விழுந்த படி வீட்டுக்கு வெளியவா, உள்ளயா?"

"உள்ளதாம்மா, மாடிப்படி"ன்னேன்.

அவ அரிசியைக் களைஞ்சுகிட்டே இருந்தா. தண்ணி தெளிஞ்ச பிறகும் களையுறா. "என்னடி, அரிசியைத் தேய்ச்சே கரைச்சுடுவ போலிருக்கே"ன்னு நான்தான் பாத்திரத்தை வாங்கி வச்சேன்.

என்ன தம்பி, ஸ்க்ரூ விழுந்துடுச்சா? நல்லவேளை, மிதியடி மேல விழுந்துச்சு. பார்த்துப் பண்ணுங்க. கை ஏன் இப்படி வேர்க்குது? ஃபேனை ஏத்தி வைக்கவா?

அடுத்த பரீட்சையில ஒரு பேப்பர் போச்சு. சரி, உடம்பு சரியில்லாம இருந்திருக்கும்னு விட்டோம். மறுபடி எழுதினா, மறுபடி போச்சு. மத்ததெல்லாம் பாஸ், அது மட்டும் தேறவே இல்ல. டீச்சரம்மாவே ஆச்சரியப்பட்டா. "வான்மதி, இந்தப் பாடத்துல சந்தேகம்னா மத்தவங்க உன்கிட்டதானே கேட்குறாங்க, நீ எப்படிம்மா ஃபெயிலாகுற?"ன்னு கேட்டா. பக்கத்துல இருந்த எனக்குத்தான் அவமானம். இவ தலையைக் குனிஞ்சுகிட்டு, "தெரியல மேடம்"ங்குறா.

அது முடிஞ்சாத்தானே பட்டம் வரும்? பட்டம் வந்தாத்தானே அவன் கூட்டிக்குவான்? பாவம், புருஷனோட போய்ச் சேர முடியாம எப்படித் தவிக்கிறாளோன்னு நான் வாராவாரம் சமயபுரத்துக்குப் போய் வேண்டிகிட்டு வந்தேன். அவ பேர்ல அர்ச்சனை பண்ணித் தட்டை நீட்டினா, விரல்ல எடுத்த குங்குமத்தை நெத்தியில வைக்க மறந்து நிக்குறா. அவ்வளவு பக்தி.

முகுந்தனுக்கும் அவ மேல உசுரு தம்பி. நம்ம ராத்திரிதானே அவனுக்குப் பகல்? ஆபீஸ்ல வேலை செஞ்சுகிட்டே இவளோட வீடியோவுல இருப்பான், விடிய விடிய. பேசணும்னுகூட இல்ல, இவ அங்க தெரியணும். கட்டில்ல உட்கார்ந்துகிட்டு, கண்ணைத் திறந்துகிட்டு. கண்ணு சொருகிட்டா அவனுக்குப் பொறுக்காது, உடனே எனக்கு ஃபோன் பண்ணிடுவான். "அம்மா, தூங்கிட்டா பாரு." நான் எழுந்து போய் முகத்துல தண்ணி தெளிச்சுட்டு வருவேன். இந்த வயசுல எனக்கும்தான் தூக்கம் கெடுது, நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல. புருஷன் பொண்டாட்டி அன்னியோன்யமா இருக்கணும்னா பெரியவங்க கொஞ்சம் விட்டுக் குடுக்கத்தான் வேணும்.

பகல்லயாவது படுக்கட்டுமேன்னு கேக்குறீங்களா? வீடு இருக்கே தம்பி. சமையல் இருக்கு, துணி இருக்கு, கிளாஸ் இருக்கு. பகல்ல பொம்பளை படுத்தா வீட்டுக்கு ஆகாது. ஒருநாள் அப்பளம் பொரிக்கும்போது நின்னுகிட்டே கண்ணு அசந்துட்டா. எண்ணெய் கையில கொட்டிடுச்சு. தோல் உரிஞ்சு போச்சு. நான்தான் மருந்து போட்டேன். திட்டக்கூட இல்ல.

அவ ஃபோனா? அது ரிப்பேரு. முகுந்தன் வந்து சரி பண்ணுவான். லேப்டாப்பு இருக்கே, அது போதாதா? அதுல என்ன பார்க்குறா, என்ன எழுதுறான்னு அவன் அங்க இருந்தே பார்த்துக்குவான். பரீட்சை நேரத்துல மட்டும் முடியாதாம். அந்தப் பரீட்சை சாஃப்ட்வேர் வேற யாரையும் உள்ள விடாதாம். அதுல மட்டும் அவனுக்குக் கோபம். அந்த மூணு மணி நேரமும் எனக்கு ஃபோன் மேல ஃபோன் போட்டு, கதவு சாத்தியிருக்கா, சத்தம் வருதான்னு கேட்டுகிட்டே இருப்பான்.

ஒரு தடவை கிளாஸ்ல ஒவ்வொருத்தரையும் பேசச் சொன்னாங்க. தலைப்பு என்னன்னு நான் வான்மதிகிட்ட கேட்டேன். "வீட்டுல உங்களுக்குப் பிடிச்ச இடம்" அத்தைன்னா. ஒரு பையன் மொட்டை மாடியைப் பத்திப் பேசினானாம், ஒரு பொண்ணு சமையலறையைச் சொன்னாளாம், எல்லாரும் சிரிச்சாங்க. இவ முறை வந்துச்சு. மெதுவாத்தான் பேசினா. எனக்கு ஒரு வார்த்தைதான் புரிஞ்சுது. டோர், டோர்னு திரும்பத் திரும்ப வந்துச்சு. அவ முடிச்சதும் டீச்சரம்மா முகம் திரையில இருந்து மறைஞ்சு போச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு வந்து "நன்றி"ன்னு மட்டும் சொன்னா.

எனக்குக் கோபம்தான். இவ்வளவு பெரிய வீட்டுல சொல்றதுக்கு ஒரு கதவுதானா கிடைச்சுது? பூஜை ரூமைச் சொல்லியிருக்கலாம். தொங்குற ஊஞ்சலைச் சொல்லியிருக்கலாம். முகுந்தன் அதையெல்லாம் லேப்டாப்பு வழியா அங்க இருந்து கேட்டுகிட்டுதான் இருந்திருக்கான். அன்னிக்கு ராத்திரி லைன்ல என்ன சொன்னானோ, காலையில இவ முகம் செத்துக் கிடந்துச்சு.

இப்ப வெளித் தாழ்ப்பாளுக்கு வர்றேன். போன தடவை பரீட்சை நடந்தப்ப எனக்கு ஒரு ஃபோன். என் நம்பரைத்தான் அங்க குடுத்திருக்கோம். ஒரு பொண்ணு, மதுரைப் பக்கம் பேச்சு. "அம்மா, நான் பரீட்சையைக் கண்காணிக்கிற இடத்துல இருந்து பேசுறேன். இப்படி நாங்க ஃபோன் பண்றதில்ல. ஆனா மனசு கேட்கல. வான்மதிங்கிறவங்க உங்க மருமகளா?"ன்னா. ஆமான்னேன்.

"கொஞ்ச நேரம் விறுவிறுன்னு எழுதுறாங்க. அப்புறம் எழுதினதுல பாதியை அழிக்கிறாங்க. எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டிருக்கான்னு இழுத்துப் பார்க்குறாங்க. திரும்ப வந்து மேசையில தலையை வச்சுத் தூங்கிடுறாங்க. மணி அடிக்கிற வரைக்கும் தூங்குறாங்க. போன தடவையும் இப்படித்தான், அதுக்கு முன்னாடியும் இப்படித்தான். கையில வேற பெரிய காயம் தெரியுது. வீட்டுல ஏதாவது பிரச்சினையாம்மா?"

எப்படிக் கேக்குறா பாருங்க! வீட்டுல என்ன பிரச்சினை? அதான் நான் இருக்கேனே! நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கிட்டு ஃபோனை வச்சேன். ஆனா எனக்கு நெஞ்சு ஆறல தம்பி. நான் கோயில் கோயிலா ஏறி இறங்குறேன், இவ உள்ள தாழ்ப்பாளைப் போட்டுகிட்டுத் தூங்கியிருக்கா! தெரிஞ்ச விடையை அழிச்சுட்டுத் தூங்கியிருக்கா! எதுக்குன்னு உங்களுக்காவது புரியுதா? எனக்குப் புரியவே இல்ல.

முகுந்தன்கிட்ட சொன்னேன்.  திட்டுவான்னு பார்த்தேன், திட்டல. "எனக்குப் புரியுதும்மா"ன்னான். அவ்வளவுதான். குரலே வேற மாதிரி இருந்துச்சு. அப்புறம் அந்தக் கண்காணிக்கிற பொண்ணு என்னென்ன கேட்டாள்னு திரும்பத் திரும்பக் கேட்டான். வீடியோவைப் பத்திரப்படுத்தி வச்சிருப்பாங்களோன்னு கேட்டான். எனக்கென்ன தெரியும்?

மறுநாள் அவனே சொன்னான். "பட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம். டிக்கெட் போட்டுட்டேன். வியாழக்கிழமை அவளை ஏத்தி விட்டுடு. அதுவரைக்கும் அவகிட்ட மூச்சு விடாத. பணம் கட்டின பரீட்சையை எழுதட்டும், எதுவும் மாறின மாதிரி தெரிய வேணாம். அவ உள்ள இருக்கும்போதே கதவுக்கு வெளிய தாழ்ப்பாள் போட்டுடு. பரீட்சை முடிஞ்சு காமிரா அணைஞ்சதும் பூட்டிடு." விமானம் ஏறுற வரைக்கும் இவ எங்கயும் கிளம்பிடக்கூடாது பாருங்க. அவனுக்குப் பயம். ஒருத்தியை இழந்தவன் இல்லையா?

எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. இந்த ரெண்டு வருஷமா ஒண்ணா உட்கார்ந்து கிளாஸ் கேட்டிருக்கோம். எனக்குப் பாதி புரியாட்டி அவதான் தமிழ்ல சொல்லுவா. நல்லாச் சொல்லுவா. போயிட்டா வீடு வெறிச்சோடிப் போயிடும். ஆனா பொண்டாட்டி புருஷன்கிட்டதானே இருக்கணும்? அங்க போனா அவ தூக்கமெல்லாம் சரியாயிடும். அங்க வீட்டுல ஒரு ரூமுக்கும் கதவே இல்லாம மாத்திட்டானாம். திறந்த மாதிரி, காத்தோட்டமா இருக்கும்.

காதை வச்சா கேட்குறீங்க? வைங்க, வைங்க. டைப் அடிக்கிற சத்தமே இல்லல்ல? நான்தான் சொன்னேனே. தூங்குறா. மூச்சு சத்தம் கேட்குதா? அவ்வளவு மெல்லிசா இருந்தா எனக்குக் கேட்காது. என்ன தம்பி, கண்ணைத் துடைச்சுக்குறீங்க? மரத்தூள் விழுந்துடுச்சா? தண்ணி தரவா?

வீட்டு நம்பரா? பன்னெண்டு பி. வாசல்ல எழுதியிருக்கே. மேகலா நகர் மூணாவது தெரு, பெட்டிக்கடைக்கு எதிர்ல. பில்லு போடவா? என் பேர்லயே போடுங்க. மருமக பேரு எதுக்கு, சரி போடுங்க, வான்மதி. வயசா? இருபத்தஞ்சு. அண்ணன் பேரா? அதெல்லாம் பில்லுல கேட்குறாங்களா இப்ப? காலம் எப்படி மாறிப் போச்சு! அவன் பேரு கதிரேசன்.

என்ன, பையை மூடிட்டீங்க? இந்த ஸ்க்ரூ பத்தாதா? பெரிசு வேணுமா? அப்ப கடைக்குப் போகணுமா, யாரையாவது கொண்டு வரச் சொல்றீங்களா? சரி, ஃபோன் பண்ணுங்க. உள்ளயே பண்ணலாமே, காமிராவுக்கு எதுக்குக் கூச்சம்? சரி சரி, கேட்டுக்கு வெளிய போய்ப் பேசுங்க. அங்க டவர் நல்லா கிடைக்கும். தாழ்ப்பாளை மட்டும் குடுத்துட்டுப் போங்க. எதுக்கு அதையும் எடுத்துகிட்டுப் போறீங்க? அளவு காட்டவா? சரி.

அய்யோ, இதோ இவனே கூப்பிடுறான்.

சொல்லுப்பா. ஆமாப்பா, கார்பெண்டர்தான். இன்னும் போடல, ஸ்க்ரூ பத்தலையாம். இல்லப்பா, வெளிய நிக்குறாரு, யார்கிட்டயோ ஃபோன்ல பேசுறாரு. எனக்கெப்படித் தெரியும் யாருன்னு? நம்ம வீட்டு அட்ரஸைத்தான் சொல்லிகிட்டு இருக்காரு. ஏம்பா கத்துற? இல்ல, நான் என்ன சொன்னேன், சும்மா பேசிகிட்டு இருந்தேன். எல்லாத்தையும்னா... நம்ம வீட்டு விஷயம்தானே, அவரு என்ன வெளியாளா, போன வருஷமே வந்தவருதானே.

என்னது, இப்பவா? அவளை இப்ப எப்படிப்பா வெளிய கூப்பிடுறது? பரீட்சை முடிய இன்னும் நேரம் இருக்கே. உடைக்கவா? காமிரா ஓடுதுப்பா! அந்த மதுரைப் பொண்ணு பார்த்துகிட்டு இருப்பாளே! நீதானே சொன்ன, கதவைத் தட்டக்கூடாது, உள்ள ஒரு முகம் தெரியக்கூடாதுன்னு? உன் தலை மேல சத்தியம் பண்ணியிருக்கேன் முகுந்தா. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் உசுரோட இருப்பேனா? முடியாதுப்பா. நீ எவ்வளவு கத்தினாலும் நான் தட்ட மாட்டேன். ஒரு மணி ஆகட்டும், அவளே திறந்துகிட்டு வருவா.

வச்சுட்டான். கோபம்.

தம்பி! பேசி முடிச்சிட்டீங்களா? ஏன் அங்கயே நிக்குறீங்க, வெயில்ல? வர்றாங்களா? யாரை வரச் சொல்லியிருக்கீங்களோ, சீக்கிரம் வரச் சொல்லுங்க. அவ எழுந்துக்குறதுக்குள்ள வந்துடணும்.